காரின் கண்ணாடி மூடிக்கொண்டால்: உள்ளுக்கா, வெளியிலா?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என் தொலைபேசி இரண்டு விடயங்களுக்காக அடிக்கும். ஒன்று, கொழும்பு வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்க. மற்றது கண்ணாடி.

"அண்ணா, முன்னுக்கு ஒண்டும் தெரியேல்ல."

"ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கதை."

"நிப்பாட்டிட்டன். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படியுது."

"எந்தப் பக்கத்தைத் துடைச்சனி?"

தங்கச்சியிடம் அதற்குப் பதில் இருக்காது. யாரிடமும் இருப்பதில்லை. கண்ணாடி மங்கினால் கை தானாக உள்பக்கத்தைத்தான் துடைக்கும். தண்ணீர் வெளிப்பக்கம் இருந்தாலும் அப்படித்தான்.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு பழைய விட்ஸ், இப்போது ஒரு வேகன் ஆர், மாமாவின் அல்ட்டோ, தங்கச்சியின் அக்குவா என்று வீட்டு வண்டிகளில் ஒவ்வொரு மழைக்கும் இதே வேலை பார்த்துப் பார்த்துப் பழகிய கை, அவ்வளவுதான். கண்ணாடியில் படியும் இதை எங்கள் வீட்டில் புகார் என்போம். முறைப்பாடு என்ற பொருளிலும் அந்தச் சொல் இங்கே பொருந்துகிறது. உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூடினால்

காலை அக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். நான்கு ஷட்டரையும், அதாவது கதவுக் கண்ணாடிகளை, இரண்டு விரல் அகலம் இறக்குங்கள். மழை கொஞ்சம் உள்ளே அடிக்கும், பரவாயில்லை. உள்ளும் புறமும் ஒரே காற்றானால் புகார் எந்தப் பக்கம் இருந்தாலும் இளகத் தொடங்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைப்பதை விட்டுவிடுங்கள். உள்ளங்கை எண்ணெய் கண்ணாடியில் ஏறினால் இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு நூறாகச் சிதறும்.

முதல் சோதனை: எந்தப் பக்கம்?

வைப்பரை ஒரே ஒரு தடவை ஓடவிடுங்கள்.

தெளிந்தால் தண்ணீர் வெளியே. "வெளிப்பக்கம் மூடுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

தெளியாவிட்டால் உள்பக்கம் சுட்டுவிரலால் ஒரு சிறு கோடு போடுங்கள். விரல் நனைந்தால் உள்ளே.

வைப்பருக்கும் அசையவில்லை, விரலும் நனையவில்லை, ஆனாலும் மங்கல் என்றால் அது புகாரே இல்லை, எண்ணெய்ப் படலம்.

குளிர்நாட்டுக்காரர் போடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் குழம்புகிறார்கள். அங்கே குளிர் வெளியே, ஈரம் உள்ளே. கொழும்பில் பெரும்பாலும் தலைகீழ். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தக் கண்ணாடியிலும் தண்ணீர் படியும். ஏ.சி.யை 18இல் வைத்திருக்கும் காரும், பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சோடாப் போத்தலும் ஒன்றுதான்.

வெளிப்பக்கம் மூடுகிறது

*மழை விட்ட பிறகு, இரவில், ஏ.சி. நன்றாகக் குளிரும் வண்டியில்*

வைப்பரைப் போடுங்கள். அதுதான் உடனடி வைத்தியம். திரும்பத் திரும்பப் படிந்தால் ஏ.சி.யை 18இலிருந்து 25, 26க்கு ஏற்றுங்கள். அப்புறம் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். டாஷ்போர்ட்டின் மேல் விளிம்பிலிருந்து கண்ணாடிக்கு ஊதிக்கொண்டிருந்தால் முகத்துக்கோ காலுக்கோ மாற்றுங்கள்.

புகார் என்று கண்டதும், காற்றை நேரே கண்ணாடிக்குத் திருப்பும் அந்த முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்துவது இங்கேதான் பிழைக்கிறது. குளிர்காற்று நேரே கண்ணாடியில் அடிக்க, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்து இன்னும் தடிப்பாகப் படியும். தங்கச்சி அன்று செய்ததும் அதுதான். பொத்தானை அழுத்தினாள், கூடியது. ஏ.சி.யைக் கூட்டினாள், இன்னும் கூடியது.

*பக்கக் கண்ணாடி மட்டும், கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் அரைவட்டமாக*

ஓரத்துக் காற்றுத் துவாரம் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. உள்பக்கமாகத் திருப்புங்கள். ஷட்டரை முழுதாக இறக்கி ஏற்றினால் கதவு ரப்பரே வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடும்.

*எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று கண்ணாடிக்கே போகிறது*

காற்றின் திசையை மாற்றும்போது டாஷ்போர்ட்டுக்குள் டிக், டிக் என்று சத்தம் கேட்கிறதா? உள்ளே கதவைத் திருப்பும் சின்ன மோட்டரின் பல் தேய்ந்திருக்கும். இது மட்டும் ஏ.சி.காரரிடம் போகவேண்டிய விடயம். மோட்டர் மலிவு. அதை எட்ட டாஷ்போர்ட்டைக் கழற்ற வேண்டுமா இல்லையா என்பதில்தான் கூலி இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

உள்பக்கம் மூடுகிறது

இது கொஞ்சம் நீளம். எந்த நேரத்தில் மூடுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

*ஏ.சி.யை அணைத்த ஒரு நிமிடத்துக்குள்*

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த காலத்திலிருந்து பலருக்கு இந்தப் பழக்கம்: கொஞ்சம் குளிர்ந்ததும் ஏ.சி.யை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுவது. வெயிலில் சரி. மழையில் வேண்டாம். ஏ.சி.யின் குளிர்ச்சுருளில் வடியாமல் ஒட்டிநிற்கும் தண்ணீர் விசிறிக் காற்றோடு திரும்ப உள்ளே வந்து கண்ணாடியில் ஒட்டும். திரும்ப ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். உள்பக்கம் என்று உறுதியான பிறகு அந்த முன்கண்ணாடிப் பொத்தான்தான் சரியான பொத்தான். மேல் விளிம்பு வளைந்த விசிறி வடிவம் முன்கண்ணாடி, நீள்சதுரம் பின்கண்ணாடி. ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் எழுத்து விளங்காவிட்டாலும் படம் இதுதான்.

*சிக்னலில் நிற்கும்போது மட்டும்*

பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கிறீர்கள், எஞ்சின் தானாக நின்றது, அரை நிமிடத்தில் கண்ணாடி வெளுத்தது. வேகன் ஆர் மாதிரி எஞ்சின் பெல்ட்டில் ஏ.சி. கொம்பிரஷர் ஓடும் வண்டிகளில் எஞ்சின் நின்றால் கொம்பிரஷரும் நிற்கும். மேலே சொன்ன கதைதான் திரும்பவும். வட்ட அம்புக்குறிக்குள் ஏ எழுத்து இருக்கும் பொத்தானை அழுத்தி ஐடில் ஸ்டொப்பை அணைத்துவிடுங்கள். மழைக்காலம் முழுதும் காரை எடுத்ததும் என் கை முதலில் போவது அங்கேதான். அக்குவா, பிரியஸ் வண்டிகளில் கொம்பிரஷர் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் சிக்னலில் மூடினால் காரணம் வேறு.

*நாலைந்து பேர் நனைந்து ஏறினால்*

காருக்குள் ஓடும் வளைந்த அம்புக்குறிப் பொத்தானைப் பாருங்கள். காலி வீதியில் பஸ் புகைக்கும் கால்வாய் மணத்துக்கும் பயந்து அதை வாங்கிய நாளிலிருந்து அழுத்தியே வைத்திருப்போம். உள்ளே இருப்பவர்களின் மூச்சும் ஈரமும் உள்ளேயே சுற்றும். அதை விடுவித்து வெளிக்காற்றை எடுங்கள். ஆனால் ஏ.சி. ஓடவேண்டும். ஏ.சி. இல்லாமல் வெளிக்காற்றை மட்டும் எடுத்தால் மழையையே உள்ளே ஊதுவது போலத்தான்.

குடைகளை டிக்கிக்குள் போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நனைந்த சப்பாத்து, மெத்தைக்குக் கீழே உருண்ட தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கணக்கில் சேரும்.

*ஏ.சி. ஓடுகிறது, ஆனால் பத்து நிமிடம் ஆகியும் தெளியவில்லை*

இனி வரிசையாக, காசு போகாததிலிருந்து.

முதலில் ஏ.சி. ஃபில்டர். பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் இடப்பக்க டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைத் திறந்து வெறுமையாக்கி, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் அது கீழே விழுந்து தொங்கும். பக்கத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கம்பி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒடியும். பின்னால் நீளமான மூடி. அதைக் கழற்றி ஃபில்டரை மெதுவாக இழுங்கள், சாய்க்காமல். மாமாவின் வண்டியில் நான் இழுத்தபோது முதலில் வந்தது காய்ந்த வேப்பிலை, அடுத்து எலி கடித்த பஞ்சு, கடைசியில்தான் ஃபில்டர். கறுத்து, ஓரம் ஈரமாக, நனைந்த அட்டை மாதிரி. அப்படி இருந்தால் தட்டிவிட்டுப் போடவேண்டாம், புதிதாக வாங்குங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மொடலையும் ஆண்டையும் சொன்னால் எடுத்துத் தருவார்கள். புதியதில் அம்புக்குறி இருக்கும். காற்று போகும் பக்கம் அது, பெரும்பாலும் கீழ்நோக்கி.

இரண்டாவது, தண்ணீர் சொட்டுகிறதா? கொழும்பில் ஏ.சி. போட்டு பதினைந்து நிமிடம் நிற்கும் காரின் கீழே முன்பக்கம் நடுவிலோ இடப்பக்கமோ சின்னக் குட்டை ஒன்று இருக்கவேண்டும். இந்த ஈரத்தில் சொட்டாத ஏ.சி.யை நம்பாதீர்கள். சொட்டவில்லை, இடப்பக்கக் கால்மிதி ஈரம், வளைவில் திரும்பும்போது டாஷ்போர்ட்டுக்குள் சளசளவென்று சத்தம் என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. குழாயின் நுனி வெளியே தெரியும் வண்டியில் கீழிருந்து காற்றடித்தால் போதும். பம்ப் கொண்டு நானே இரண்டு தடவை செய்திருக்கிறேன். ஒரு தடவை முகத்தைச் சரியாக அதன் கீழே வைத்திருந்தேன், அந்தத் தண்ணீரின் மணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியால் குத்தவேண்டாம். மேலே இருக்கும் சுருள் அலுமினியம், ஓட்டை விழுந்தால் பத்து நிமிட வேலை பெரிய செலவாகிவிடும்.

மூன்றாவது, உண்மையில் குளிர்கிறதா? நடுத் துவாரத்தில் கையை வையுங்கள். வெறும் காற்று மாதிரி இருந்தால் காஸ் குறைந்திருக்கலாம், கொம்பிரஷர் ஈடுபடாமல் இருக்கலாம். இங்கிருந்து ஏ.சி.காரரின் வேலை. காஸ் அடித்துத் தருகிறேன் என்று நேரே போத்தலை எடுப்பவரிடம் நில்லுங்கள் என்று சொல்லுங்கள். ஏ.சி. காஸ் பெற்றோல் மாதிரித் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ லீக். லீக் பார்க்காமல் அடித்த காஸ் அடுத்த மழைக்கு முன்னே போய்விடும். எந்த இடத்தில் லீக் என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஹைபிரிட் வண்டியின் பொனட்டுக்குள் செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் நீங்கள் தொடவேண்டாம். அந்தக் கொம்பிரஷருக்கு எண்ணெய் வகையும் வேறு. ஹைபிரிட் ஏ.சி. பழகியவரிடம் மட்டும் விடுங்கள்.

*துடைத்தால் பிசுபிசுக்கிறது, இனிப்பு மணம் வருகிறது*

இந்த அறிகுறிக்கு மட்டும் பொறுமை கூடாது. ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது. கொழும்பில் ஹீட்டர் யார் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். போடாவிட்டாலும் பல வண்டிகளில் அதற்குள் கூலன்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் ஆறியபிறகு கூலன்ட் போத்தலில் மட்டத்தைப் பேனையால் குறியுங்கள். இரண்டு நாளில் இறங்கினால் உறுதி. கராஜுக்கு ஓட்டிப்போகும்போதும் வெப்ப விளக்கில் ஒரு கண் இருக்கட்டும்.

இங்கே ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: "ஹீட்டர் உங்களுக்கு எதுக்கு? குழாயைச் சுத்தி விட்டுடுவம்." கூலன்ட் ஹீட்டருக்குள் போகாமல் குழாயைத் திருப்பி இணைத்துவிடுவது அது. மலிவு, உடனே முடியும், கசிவும் நிற்கும். ஆனால் அந்த வண்டியில் ஹீட்டர் இனி இல்லை. ஒப்புக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒப்புக்கொண்டால் அதை எங்கேயாவது எழுதி வையுங்கள். ஏன் என்று கடைசியில் வரும்.

துடைத்தாலும் மங்கல், விரல் நனையவில்லை

பகலில் தெரியாது. இரவில், மழையில், எதிர்விளக்கில் தெரியும். வெளியே டீசல் கரி, கார் கழுவும் இடத்தில் போட்ட மெழுகு, மரைன் டிரைவில் நிறுத்தினால் கடல் உப்பு. உள்ளே டாஷ்போர்ட் மினுக்கப் பூசும் பொலிஷ், புது வண்டியில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி.

பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளியை அரை வாளித் தண்ணீரில் கலந்து வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீர். உள்ளே, ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த பழைய சாரத் துண்டால் ஒரு தடவை. பத்திரிகைத் தாளும் நல்லது, கையெல்லாம் மை ஆகும். கழுவியபின் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். திட்டுத் திட்டாக உடைந்தால் அந்த இடத்தில் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

சிகரெட் தூள், வெட்டிய உருளைக்கிழங்கு, சாம்பல் என்று மூத்த சாரதிமாரிடம் ஆளுக்கொரு மருந்து உண்டு. உருளைக்கிழங்கை நானும் தேய்த்திருக்கிறேன். ஒரு மழைக்கு உதவியது, அடுத்த வெயிலில் மாவாகக் காய்ந்து நின்றது. சவர்க்காரத் தண்ணீரே மேல்.

நடுப்பகல் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சவேண்டாம். ஏற்கெனவே கல் பட்ட ஒரு புள்ளி இருந்தால் அது கோடாக ஓடும். நிழலில் ஆறவிட்டுக் கழுவுங்கள்.

வைப்பர் கோடு போடுகிறது, கத்துகிறது

வைப்பரைத் தூக்கி ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் இழுத்துத் துடையுங்கள். துணி கறுக்கும் வரை, பிறகு கறுக்காமல் வரும் வரை. பாதிக் கோடுகள் இதிலேயே போய்விடும். ரப்பரை வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா? மாற்றுங்கள். இங்குள்ள வெயிலில் ரப்பர் தேய்வதற்கு முன்னே காய்ந்துவிடும். ஆகவே மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கு முன் ஒரு தடவை பார்ப்பது நல்லது. புது ரப்பரும் கத்தினால் கண்ணாடி எண்ணெய், மேலே உள்ள பகுதி. அதன்பிறகும் கத்தினால் வைப்பரின் கை வளைந்திருக்கிறது, கராஜில் நேராக்குவார்கள்.

பின்கண்ணாடி மட்டும் தெளியவில்லை

நீள்சதுரப் பொத்தானை அழுத்தினால் பின்கண்ணாடியின் செம்மஞ்சள் கோடுகள் சூடாகும். வைப்பர் இல்லாத பின்கண்ணாடிக்கு வேறு வழியில்லை. பொத்தானின் விளக்கு எரியவில்லையா? ஃபியூஸ் பாருங்கள். எரிகிறது, ஆனால் ஒரு கோடு மட்டும் தெளியவில்லையா? அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது. கண்ணாடி புகாராக இருக்கும்போதே பொத்தானைப் போட்டுவிட்டுப் பாருங்கள். தெளியாமல் நிற்பதுதான் அறுந்த கோடு. எங்கே அறுந்தாலும் கோடு முழுதும் சூடாகாது, ஆகவே அறுந்த இடத்தைக் கோட்டின் நீளத்துக்கும் கிட்ட நின்று பார்த்துத் தேடவேண்டும். அதை மார்க்கரால் குறித்துக்கொண்டால் மின்னோட்டம் கடத்தும் பூச்சை ஒரு புள்ளி வைத்துச் சரிசெய்யலாம். பல இடத்தில் அறுந்திருந்தால், முன்னைய சொந்தக்காரர் டின்ட் உரித்தபோது பிளேட்டால் சுரண்டியிருப்பார். அதற்குப் பூச்சு போதாது.

சில நிமிடத்தில் தானாக அணைந்தால் பழுதில்லை. அதற்கு நேரக்கட்டுப்பாடு உண்டு.

காலையில் திறக்கும்போதே உள்ளே புகார்

இரவு முழுதும் பூட்டிக்கிடந்த வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வந்தது? கால்மிதியைத் தூக்கிக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். நான்கு இடத்திலும். பிறகு டிக்கியில் ஸ்பெயார் டயர் குழிக்குள் கையை விடுங்கள்.

எல்லாம் உலர்வு என்றால் முதல்நாள் ஈரம்தான். ஷட்டரை ஒரு நூல் திறந்து வெயிலில் விடுங்கள். இரவில் கால்மிதிக்குக் கீழே பத்திரிகைத் தாள் விரித்தால் ஈரத்தை உறிஞ்சும்.

முன்பக்கம் ஈரம், ஏ.சி. நீர் வெளியே ஒழுங்காகச் சொட்டுகிறது என்றால் பொனட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் இலையும் பூவும் மக்கி, வடிகால் அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கும். கையால் அள்ளிப் போடலாம். ஸ்பெயார் டயர் குழி ஈரம் என்றால் பின்விளக்கு அல்லது டிக்கி ரப்பர் வழியாக வருகிறது. ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் வெளியே குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றினால் வழி தெரியும்.

வண்டி வெள்ளத்தில் நின்றது என்றால் வேறு கதை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோது உறவினர் ஒருவரின் வண்டியில் தண்ணீர் இருக்கை மட்டத்துக்கு ஏறியது. கார்பெட்டை வெயிலில் காயவைத்து ஓடத் தொடங்கினார். புகார் போனது. நான்கு மாதத்தில் கார்பெட்டுக்குக் கீழே போகும் வயர் இணைப்புகள் பச்சை பூத்து ஒவ்வொன்றாகப் படுத்தன. அப்படியான வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். அக்குவா போன்றவற்றில் ஹைபிரிட் பற்றரி பின்னிருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. திறந்து பார்க்க நினைக்கவேண்டாம்.

நுவரெலியாவில்: கண்ணாடியில் வெள்ளையாக, விரலுக்கு அசையவில்லை

தையில் ஊர் பார்க்கப் போய் விடுதிக்கு வெளியே வண்டியை விடுகிறவர்களுக்கு இது. அங்கே கணக்கு முழுதும் புரளும். குளிர் வெளியே, ஈரம் உள்ளே. கொழும்பில் பழகிய கை அங்கே பிழையாகத்தான் போகும்.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியா, அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் துகள் உறைபனி விழுவதுண்டு. திறந்த வெளியில் நிற்கும் காரின் கண்ணாடி வானத்தைப் பார்த்தே குளிர்ந்துவிடும். போர்ட்டிகோவிலோ மரத்தடியிலோ நிறுத்தினால் பெரும்பாலும் தப்பலாம். இடமில்லாவிட்டால் உலர்ந்த அட்டையைக் கண்ணாடியில் விரித்து வைப்பரால் அமுக்கிவிடுங்கள். துவாய் வேண்டாம். நனைந்தால் அதுவே கண்ணாடியோடு உறைந்து ஒட்டும்.

*அவசரம் இல்லை*

காத்திருங்கள். நம் நாட்டு உறைபனிக்கு வெயில் வந்தால் ஆயுள் இல்லை. இரவே காரின் முகத்தைக் கிழக்கே பார்த்து நிறுத்தினால் இன்னும் சீக்கிரம்.

*விடிய முன் ஹோர்ட்டன் சமவெளியின் உலகமுடிவுப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகவேண்டும்*

சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம். விடுதிக்காரர் அன்போடு கேத்தலைக் கொண்டுவருவார், வாங்கித் தேநீர் ஊற்றிக் குடியுங்கள். உறைந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் வெடிக்கும், குறிப்பாகக் கல் பட்ட கண்ணாடி.

சாவியைத் திருப்ப முன் வைப்பர் நெம்பு அணைந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி வைப்பர் என்றால் கட்டாயம். உறைந்து ஒட்டிய வைப்பர் அசைய முயன்றால் ரப்பர் கிழியும், சிலவேளை ஃபியூஸும் போகும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வெப்பக் குமிழைச் சிவப்புக்குத் திருப்பி, ஏ.சி.யையும் போட்டு, வெளிக்காற்றை எடுத்து, கண்ணாடிக்கு ஊதவிடுங்கள். விசிறி முதலில் மெதுவாக. இங்கே அந்த முன்கண்ணாடிப் பொத்தான் முழுக்கச் சரி. ஹைபிரிட்டில் சூடு கேட்டால் எஞ்சின் தானாக ஓடும், பயப்படவேண்டாம். மூடிய கராஜுக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சூடாகும் வரை, பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தெளிப்பான் போத்தலில் ஊற்றி மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். தண்ணீர் உறையும் குளிரில் அது உறையாது, பனியை இளக்கும். பெயின்டில் வழிந்தால் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, காருக்குள் தெளிக்கவும் கூடாது. இளகியதைப் பழைய வங்கி அட்டையின் விளிம்பால் ஒரே திசையில் தள்ளுங்கள். கரண்டி, கத்தி, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் எதுவும் வேண்டாம். வைப்பர் தண்ணீரைப் பாய்ச்சவும் வேண்டாம். கொழும்பில் ஊற்றிய வெறும் தண்ணீர் அது, கண்ணாடியில் பட்டதும் இன்னொரு படையாக உறையும்.

முழுக் கண்ணாடியும் தெளியும் வரை நகராதீர்கள். முகத்துக்கு நேரே சாணளவு ஓட்டை போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

*பத்து நிமிடம் ஆகியும் காற்று சூடாகவில்லை*

கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள், எஞ்சின் ஆறிய நிலையில் மட்டும். மட்டம் சரி, எஞ்சினின் வெப்ப முள்ளும் ஏற மறுக்கிறது என்றால், இந்தச் சூட்டில் எதற்கு என்று யாரோ தெர்மோஸ்டற்றை, எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றிவிட்டிருக்கிறார்கள். முள் ஏறுகிறது, காற்று மட்டும் குளிர் என்றால், மேலே சொன்னேனே, குழாயைச் சுற்றிவிட்ட வேலை. உங்களிடம் சொல்லாமலே முன்னைய சொந்தக்காரர் செய்திருக்கலாம். நுவரெலியாவில் நின்று அதைத் திருத்தமுடியாது. ஸ்பிரிட், அட்டை, வெயில் மூன்றும்தான் மிச்சம். கொழும்பு திரும்பியதும் கராஜில் சொல்லுங்கள்.

திரும்பும்போது ஹட்டன், கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க வெக்கை ஏறும், ஏ.சி.யைக் கூட்டுவீர்கள். குமிழைச் சிவப்பிலிருந்து திருப்ப மறக்கவேண்டாம். போன முறை நான் மறந்துவிட்டு, கித்துல்கலையிலிருந்து அவிசாவளை வரைக்கும் காஸ் போய்விட்டது, காஸ் போய்விட்டது என்று புலம்பிக்கொண்டே வந்தேன். பின்னிருக்கையிலிருந்து தங்கச்சிதான் கையை நீட்டித் திருப்பினாள்.